ஐந்து நிமிஷ அரபி

பன்னிரண்டும் பதிமூன்றும் உள்ளே போயாச்சு, கதவும் சாத்தியாச்சு, இனி ஐந்தே நிமிஷம். ஐந்து நிமிஷம் என்றால் எவ்வளவு என்று மசூது பெஞ்சில் உட்கார்ந்தபடியே அளந்து பார்த்தார். ஊதி ஊதிக் குடிக்கிறவனுக்கு ஒரு டீ. அவரைப்போல் கொதிக்கக் கொதிக்கத் தொண்டையில் இறக்குகிறவனுக்கு இரண்டு டீ. ஒரு ஒட்டகத்தில் பால் கறக்கவும் கிட்டத்தட்ட அதே... சீ, அந்த நினைப்பே இன்றைக்கு வரக் கூடாது என்றுதானே விடிந்ததிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வருகிறார், வராதே வராதே என்று சொல்லச் சொல்லத்தான் அது முதல் ஆளாக வந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கதவு திறக்கும், ஹபீபா மிஸ் எட்டிப் பார்த்து "பதினாலு, பதினஞ்சு" என்று கூப்பிடும். பதினாலு அவர். பதினைந்து, பக்கத்தில் உட்கார்ந்து உதடு மட்டும் அசையப் பாடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கும் மீராள், அவர் கட்டின மனைவி. இந்தச் சமுதாயக் கல்லூரியில் அரபி மொழி இலக்கிய டிப்ளமோவுக்கு இரண்டு பேரும் ஒரே நாளில் ஃபாரம் எழுதிக் கொடுத்ததால் வந்த நம்பர். வாய்த் தேர்வு இங்கே தனித்தனியாகக் கிடையாது. ஒன்றாம் நம்பர் பாதியிலேயே நின்றுவிட்டதால் இரண்டிலிருந்து தொடங்கி, நம்பர் வரிசைப்படி இரண்டிரண்டு பேராக உள்ளே போய், டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுத்து, அதில் என்ன வருகிறதோ அதைப்பற்றி ஒருத்தரோடு ஒருத்தர் ஐந்து நிமிஷம் அரபியில் பேசிக் காட்ட வேண்டும். ஹைதராபாத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து மார்க் போடுகிறார், அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, தமிழ் ஒரு சொல் வாயில் வந்தால் ஒரு மார்க் போச்சு. கட்டின பெண்டாட்டியோடு ஐந்து நிமிஷம் பேசுவதற்குப் போய் ஒரு மனிதனுக்கு உள்ளங்கை வியர்க்குமா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் இருபத்தாறு வருஷம் அவர் சவூதியில். மிச்ச வருஷத்திலும் "சோறு வைக்கட்டா மச்சான்", "வை", "மீன் போதுமா", "போதும்" என்பதைத் தாண்டி அவர்கள் பேச்சு நீண்டதில்லை. தமிழிலேயே ஐந்து நிமிஷம் பேசினது கிடையாது, அரபியில் பேசு என்றால்?

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் பள்ளிவாசல் போர்டில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ். வயது வரம்பு இல்லை, ஆண் பெண் இருபாலரும் சேரலாம் என்று போட்டிருந்தது. இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்தாச்சு, இனிமேலாவது நான் ஓதுறதுக்கு அர்த்தம் தெரிஞ்சு ஓதணும் மச்சான், நீங்களும் கூட வாங்க, உங்களுக்கு அரபி தண்ணி பட்ட பாடு, சும்மா பக்கத்துல உட்கார்ந்து எனக்குச் சொல்லித் தந்தாப் போதும் என்றாள் மீராள். தெருவே கூடி நின்று, "மசூது பாய் போனா மிஸ்ஸே எந்திரிச்சி எடம் குடுத்துரும்வே" என்று ஏற்றிவிட்டது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ரியாத்தில் பால் கம்பெனி மேனேஜராக இருபத்தாறு வருஷம் இருந்தவர் மாட்டேன் என்றால் ஊர் என்ன நினைக்கும்? மேனேஜர். அந்தச் சொல்லை நினைத்தாலே மசூதுக்குச் சட்டைக் காலர் கழுத்தை அறுத்தது. முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது, பால் உண்டு. ரியாத்தும் உண்டு, மூன்று மணி நேரம் லாரியில் போனால். பெரிய ரோட்டோரம் மணலில் ஒரு கூடாரம், கம்பி வேலிக்குள் முப்பத்தெட்டு ஒட்டகம், போகிற வருகிற கார்க்காரன் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தால் கறந்து கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்படி நிறுத்தின ஒரு காரில் சாய்ந்துகொண்டு எடுத்த போட்டோதான் இன்றைக்கும் வீட்டு நடுச் சுவரில் இருக்கிறது. முதல் வருஷம் கடிதத்தில், எத்தனை பேர் உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள் என்று மீராள் கேட்டிருந்தாள், முப்பத்தெட்டு என்று எழுதினார். ஆம்பளைகளா பொம்பளைகளா என்று கேட்டு அடுத்த கடிதம். எல்லாம் பொம்பளைதான் என்று, அந்த நேரம் எந்தச் சைத்தான் பேனாவைப் பிடித்ததோ, உண்மையை எழுதித் தொலைத்தார். மூன்று மாசம் பதில் கிடையாது.

"பாய், ஒங்க கையைக் குடுங்க" என்றாள் ஜெபசெல்வி. பதினாறாம் நம்பர், மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகப் போகிற பிள்ளை, காலையிலிருந்து பெஞ்சில் இருக்கிற ஒவ்வொருத்தரையும் நோயாளியாக்கி, எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று அரபியில் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள். நாடியைப் பிடித்தவள், "எம்மா, என்ன பாய் இப்படி ஓடுது?" என்றாள். "மேனேஜருக்கே பயமா, நாங்கள்லாம் என்ன செய்ய?" மீராள் உதட்டை அசைப்பதை நிறுத்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பவும் பாடத்துக்குப் போய்விட்டாள். அந்தப் பார்வைதான். அது கோபமும் இல்லை, சந்தேகமும் இல்லை, துணிக்கடையில் சேலையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் இழை பார்ப்பாளே, அது. சீட்டில் என்ன வரும்? மொத்தம் ஐந்து விஷயம், மிஸ் முன்னாடியே சொல்லிவிட்டாள். பயணம், மருத்துவமனை, சந்தை, குடும்பம், வேலை. வேலை வந்தால் தொலைந்தது. நீ என்ன வேலை பார்த்தாய் என்று மீராள் கேட்பாள், பாடத்தில் அதுதான் முதல் கேள்வி. தமிழில் என்றால் பதில் இருக்கிறது, இருபத்தாறு வருஷம் சொல்லிப் பழகிய பதில். அரபியில் மேனேஜர் என்ன செய்வான், எங்கே உட்காருவான், எதில் கையெழுத்துப் போடுவான், ஒரு மண்ணும் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த அரபியில் முக்கால்வாசி ஒட்டகத்திடம் பேசிப் பேசிப் பழகியது. தமிழில் அவருக்குப் பொய் வரும். ஒட்டகத்திடம் எவன் பொய் சொல்லப் போகிறான்? அதனால் அந்தப் பாஷையில் பொய்க்கு உண்டான சொல்லே அவரிடம் கிடையாது. குடும்பம் வந்தாலும் ஆபத்துதான். குடும்பத்தில் யார் யார் என்று கேட்டால் நாக்கு பாட்டுக்கு ஷம்ஸா என்று சொல்லிவிடும்.

ஷம்ஸா. காலையிலிருந்து சுற்றிச் சுற்றி இங்கேதானே வந்து நிற்கிறது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு நிறம், வெயில் பட்டால் பித்தளைச் சொம்பு மாதிரி இருப்பாள், அதனால் சூரியன் பேரை வைத்தார். மற்றதெல்லாம் வேலிக்குள் படுத்தால் இவள் மட்டும் கூடாரத்துக்குள் தலையை நீட்டிக்கொண்டுதான் படுப்பாள். அந்தக் காலத்தில் ஊருக்குக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள் இல்லையா, அப்படி ஒரு கேசட்டில் பெரியவள் படிப்பு, சின்னவள் காது குத்து என்று அவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது இந்தச் சிறுக்கி வந்து கம்பளியைக் கவ்வி இழுத்தாள். "ஷம்ஸா, தள்ளிப் போ என் கண்ணே, வீட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன்ல" என்று அரபியில் கொஞ்சிவிட்டு மேலே பேசினார். அழிக்கத் தோன்றவில்லை. அன்றைக்கு மீராளுக்கு அரபி ஓதத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. ஆனால் பேர் பேர்தானே? பதில் கடிதம் வந்தது. இவருக்கு ஸலாம், ரோஜாச் செடி பூத்திருக்கிறது, பெரியவளுக்குக் காய்ச்சல் தேவலை, எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: ஷம்ஸாவுக்கும் என் ஸலாம் சொல்லவும். கூடாரத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை எத்தனை தரம் படித்திருப்பார். ஏளா, அது ஒட்டகம் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் முடிந்தது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னாலேயே, மேனேஜர் படுக்கிற இடத்தில் ஒட்டகத்துக்கு என்ன வேலை என்று கேள்வி வருமே? யோசித்துப் பார்த்தார். கெட்ட பேர் எடுத்த மேனேஜரா, நல்ல பேர் எடுத்த ஒட்டகக்காரனா? அல்லா மன்னிக்கட்டும், மேனேஜரையே வைத்துக்கொண்டார். அவளும் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலாவது தேவலை. பேத்திக்கு ஷம்ஸா என்று பேர் வைக்கலாமா என்று மருமகன் வாய் தவறிக் கேட்டபோது மட்டும், "அந்தப் பேரு இந்த வாசல் மிதிக்கப்படாது" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஷம்ஸாவும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று. அந்தக் கேசட் பீரோவில் இருக்கிறது. போன மாசம் மீராள் பழைய டேப் ரிக்கார்டரைத் தூசி தட்டி, இதை எங்கே ரிப்பேருக்குக் கொடுக்கலாம் மச்சான் என்று கேட்டாள். இப்போது அவளுக்கு அர்த்தமும் தெரியும். தள்ளிப் போ என்பது தெரியும். என் கண்ணே என்பதும் தெரியும். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள்.

அவர் வாங்கினது பதினொன்று. நூற்றுக்கு. இலக்கியத் தாளில். அதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று இன்னும் பிடிபடவில்லை. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தின ஒரு கவிஞன் தன்னுடைய பெண் ஒட்டகத்தைப்பற்றி நாற்பது அடி பாடிவைத்திருந்தான், அதுதான் பாடம். பிள்ளைகளெல்லாம் கொட்டாவி விட்டார்கள். ஹபீபா மிஸ்ஸே இரண்டு அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்தச் சொல் ஏதோ ஒரு துணி போல இருக்கிறது என்று திணறினாள். துணி இல்லை மிஸ், கன்று ஊட்டிவிடாமல் மடியில் கட்டுகிற வலை, நானே எத்தனை பின்னியிருக்கிறேன் என்று நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டார். இந்தச் சொல் ஈன்று ஏழு நாள் ஆன ஒட்டகம், இது இரண்டாவது தரம் தண்ணீர் குடிக்க வருவது, ஒவ்வொன்றும் தெரியும், நாற்பது அடியும் அவருக்குக் கூடாரத்து வாசல்தான். ஒன்றைச் சொன்னால் பக்கத்து வரிசையில் இருக்கிறவள், ஒங்களுக்கு எப்படித் தெரியும் மச்சான் என்பாள். பரீட்சையில் அந்தப் பாட்டுக் கேள்விகளையெல்லாம் வெள்ளையாக விட்டுத் தாளை மடித்துக் கொடுத்தார். "இருபத்தாறு வருசம் அங்க என்னதான் பாய் செஞ்சீங்க?" என்று மிஸ் தாளைத் தூக்கிக் காட்ட வகுப்பே சிரித்தது. மீராள் சிரிக்கவில்லை. சேலை இழை பார்த்தாள். ஒன்றுக்குப் போக வேண்டும்போல் இருந்தது. இப்போது போனால் கூப்பிடுவார்கள். போகாமல் இருந்தால்... ஓடிப்போய்விடலாமா? எங்கே ஓட, வீட்டுச் சாவி அவள் பையில் அல்லவா இருக்கிறது.

"பதினாலு, பதினஞ்சு."

உள்ளே ஃபேன் சத்தம் மட்டும்தான். ஹைதராபாத்துப் பெரியவர் தாடிக்குள்ளிருந்து ஸலாம் சொன்னார், கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது. மீராள் டப்பாவுக்குள் கையை விட்டாள், மசூது தனக்குத் தெரிந்த எல்லா துஆவையும் ஒரே மூச்சில் ஓதினார். சீட்டைப் பிரித்துப் படித்தாள். சந்தை. சந்தை! அல்ஹம்துலில்லாஹ், ஒன்பதாவது பாடம், காய்கறிக்கடை, அவர் கடைக்காரர், அவள் வாங்க வந்தவள், தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய், விலையைச் சொன்னால் அவள் குறைத்துக் கேட்பாள், முடிந்தது கதை. உடம்பெல்லாம் லேசாகி ஒரு சிரிப்புக்கூட வந்துவிட்டது. மீராள் தொண்டையைச் செருமிக்கொண்டு, கிளிப்பிள்ளை தோற்றுப்போகிற அரபியில், "நீ என்ன விற்கிறாய்?" என்றாள். நீ. முப்பத்தைந்து வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவருக்கு விழுந்த முதல் நீ. அந்தப் பாஷையில் நீங்கள் கிடையாது என்று தெரிந்ததுதான், இருந்தாலும் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டியது, அந்தத் தட்டில் நாக்கு நுனியில் நின்ற தக்காளி எங்கேயோ உருண்டு போய், "பால்" என்று வந்துவிட்டது. வாழ்க்கையில் அவர் விற்ற ஒரே பொருள். பாடத்தில் பால் இல்லை. மீராள் ஒரு கணம் தடுமாறினாள், ஆனால் முதல் மார்க்குக்காரி அல்லவா, விடுவாளா, "மாட்டுப் பாலா, ஆட்டுப் பாலா?" என்று கேட்டாள். "ஒட்டகம்" என்றது மசூதின் வாய், அவரைக் கேட்காமலே. "இன்று கறந்ததா?" "இப்பத்தான், நுரையைப் பாரு!" என்றபோது அவர் வலது காலைத் தூக்கி இடது முழங்காலில் மடித்து வைத்து, ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்று, தொடையில் இல்லாத கிண்ணத்தை ஏந்திக் கறந்து காட்டிக்கொண்டிருந்தார். ஒட்டகத்தில் அப்படித்தான் கறக்க முடியும், உட்கார்ந்தால் மடி எட்டாது.

பெரியவர் கண்ணாடியை மேலே தள்ளினார். "நில்லுங்கள். இந்தப் பேச்சு உங்களுக்கு எங்கே கிடைத்தது?" என்று அவரே அரபியில் கேட்டார். ஒரு சொல்லைச் சொல்லி அதற்கு அர்த்தம் கேட்டார், அதே மடி வலை. மசூது விரலால் காற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டினார். இன்னொரு சொல், இன்னொரு சொல். மார்க் ஷீட்டைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் பெரியவர் எழுத ஆரம்பித்துவிட்டார். "இதையெல்லாம் நான் நாற்பது வருஷமாகப் புத்தகத்தில் படித்துச் சொல்லிக் கொடுக்கிறேன் ஐயா, சொல்லுகிற வாயை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். கன்றைப் பிரித்துக் கட்டினால் தாய் போடுகிற சத்தத்துக்கு ஒரு சொல் உண்டே என்று கேட்டதற்கு, அதை விளக்கத் தெரியாமல் மசூது அந்தச் சத்தத்தையே போட்டார், அடிவயிற்றிலிருந்து. கதவு திறந்து ஜெபசெல்வியின் தலை தெரிந்தது, "யாருக்கு வலிக்குது?" என்றது, மறைந்தது. ஒரு மனிதனை எத்தனை வருஷம் கழித்து ஒருத்தர் மெச்சுகிறார். மசூது நிறுத்தவில்லை. கூடாரத்தைச் சொன்னார், ரோட்டைச் சொன்னார், ஹாரன் சத்தத்தை, முப்பத்தெட்டை, மணல் காற்றில் கிண்ணத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஓடுவதை. "எல்லாவற்றிலும் நன்றாகக் கறந்தது எது?" என்றார் பெரியவர். "ஷம்ஸா" என்றார் மசூது. சொன்ன பிறகுதான் அவர் காதுக்கே அது கேட்டது. தூக்கின கால் மெல்லத் தரைக்கு வந்தது.

"ஷம்ஸா ஒட்டகமா?" என்று மீராள் கேட்டாள். அதுவரை அரபிதான். "ஒட்டகம்" என்றார். பிறகு அவள் தமிழுக்கு வந்தாள். "ஒட்டகமா மச்சான்! ஒட்டகத்தையா கண்ணே பொன்னேன்னு கொஞ்சினிய? மேனேஜர் பெண்டாட்டின்னு என்னைய ஊர்ல நிமிந்து நடக்க விட்டுட்டு, வீட்டுக்குள்ள குமுறிக் குமுறி அழவும் விட்டியளே, ஒத்த வார்த்தை எழுதறதுக்குப் பேனாவுல மையா இல்ல? ஒட்டகம் மேய்ச்சவனுக்கு வாக்கப்பட்டதுல எனக்கென்ன கொறை, இத்தனை வருசம் பொய்யா சொன்னிய, வெக்கமா இல்ல?" ஹபீபா மிஸ் தன் வாயைப் பொத்திக் காட்டினாள், மார்க், மார்க் என்று கண்ணால் கெஞ்சினாள். மீராள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. என்ன சொல்கிறார் உங்கள் மனைவி என்று பெரியவர் ஆவலாகக் கேட்டார். மசூது ஒழுங்காக மொழிபெயர்த்தார். "நான் பொய்யன் என்கிறாள். ஒட்டகம் மேய்த்தவனுக்கு வாழ்க்கைப்பட்டதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்கிறாள். நான் வெட்கம் கெட்டவன் என்கிறாள். இன்னொரு முறையும் பொய்யன் என்கிறாள்." "அஞ்சு வேளைத் தொழுகையிலயும் கேட்டேன் மச்சான்," மீராளின் குரல் உடைந்தது, "அவ காலு ஒடியணும்னு, ஒரு வேளை விடாமக் கேட்டேன்." மசூது நிறுத்திவிட்டார். "பிறகு? பிறகு என்ன சொல்கிறார்?" "ஷம்ஸாவின் கால் ஒடியட்டும் என்று துஆ கேட்டாளாம்." "ஐயோ" என்றார் பெரியவர். மசூது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒடிந்தது ஐயா. எலி தோண்டின பொந்துக்குள் கால் போய்விட்டது. முன்னங்கால், இடது. எழுப்பிப் பார்த்தோம், முடியவில்லை."

அதை யாரும் மீராளுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கை வாய்க்குப் போனது. "யா அல்லா, வாயில்லாச் சீவனையா..." என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. பெரியவர் எழுதுகோலை வைத்துவிட்டு, அவளுக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "வருந்தாதே தங்கையே. ஆள் தெரியாமல் கேட்ட பிரார்த்தனைக்கு இறைவன் குற்றம் பிடிக்க மாட்டான்" என்றார். மீராள் முக்காட்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "பேரைச் சொல்லித்தான் கேட்டேன் ஐயா" என்றாள் அரபியில், அழுகைக்கு நடுவிலும் ஒரு பிழை இல்லாமல். ஹபீபா மிஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள், சிரித்தாளோ அழுதாளோ தெரியாது. அப்புறம் மீராள், மவுத்தான வீட்டில் துக்கம் விசாரிக்கப் போன பெண்கள் கேட்பார்களே, அந்தக் குரலில் மெதுவாகக் கேட்டாள். "என்ன வயசு இருக்கும் அவளுக்கு?"

"பதினெட்டு. ஒட்டகத்துக்கு அது நடு வயசுதான்."

"பாவம். பிள்ளைகுட்டி?"

"மூணு."

"கடைசியில பக்கத்துல யாரு இருந்தா?"

"நான்தான் இருந்தேன். தலையைத் தூக்கி மடியில வச்சிக்கிட்டேன். அப்படியே என்னையப் பாத்துக்கிட்டே இருந்தா."

மீராள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து, கசங்கிய முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பையைத் தோளில் மாட்டினாள்.

"சரி," என்றாள். "நான் போறப்பவும் அதே மாதிரி இருக்கணும். வேற எங்கயும் போயிரப்படாது, சொல்லிட்டேன்."